777 வேண்டாம்: தோல் தொழிற்சாலைகளில் சர்வர் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் சர்வர் பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்கள் சர்வரில் எத்தனை ஃபைல்களுக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி, கொடுக்கப்பட்டிருக்கிறது? இன்றைக்குக் கேட்டால் உங்களில் பெரும்பாலோரால் பதில் சொல்ல முடியாது. விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். எந்தெந்த ஷேர் ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு எதிரே ‘ஃபுல் கண்ட்ரோல்’ டிக் அடித்துக் கிடக்கிறது? யார் அடித்தது, எப்போது, எதற்காக? இதற்குப் பதில் இல்லாத சர்வர்களை நம்பித்தான் இந்த வட்டாரத்துத் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கும், பாலாற்றை நோக்கிப் போகக் கூடாத கழிவுநீரின் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன்.

அந்த 777 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசி, மாலை நேரம். சம்பளம் போட்டாக வேண்டும். இஆர்பி திறக்க மறுக்கிறது, ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. அக்கவுண்ட்ஸில் இருக்கும் அண்ணன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனிக்குப் போன் போடுகிறீர்கள். அவர்கள் எனிடெஸ்க் வழியே தொலைவிலிருந்தே உள்ளே வந்து, மொத்த ஃபோல்டருக்கும் 777 கொடுத்துவிட்டு, ‘இப்ப வருதா பாருங்க சார்’ என்கிறார்கள். வருகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த 777 மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதை அகற்றச் சொல்லி யாரும் உங்களுக்குப் போன் செய்யப் போவதில்லை. எல்லாம் ‘நன்றாக ஓடுகிறது’ அல்லவா?

உங்கள் மீது குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. இஸ்லாமியா கல்லூரியிலோ, மஜ்ஹருல் உலூமிலோ, அப்துல் ஹக்கீமிலோ பிசிஏ முடித்துவிட்டு வேலைக்கு வருகிறீர்கள். வந்த நாளிலிருந்து பிரிண்டர் டோனர் மாற்றுவது நீங்கள், கேட்டிலிருக்கும் கைரேகை மெஷினைத் துடைத்து வைப்பது நீங்கள், சிசிடிவி கேபிளை எலி கடித்தால் ஏணி ஏறுவது நீங்கள், முதலாளியின் மகனுடைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றாலும் நீங்கள்தான். இத்தாலியிலிருந்து மெஷின் இறக்கும்போது அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் கூடவே வருகிறார். சர்வருக்கு அப்படி யாரும் வருவதில்லை. விற்றவர் வைத்துவிட்டுப் போகிறார், அதன் பிறகு அது உங்கள் பாடு. இது நியாயமில்லை. நியாயமில்லை என்பதை உங்கள் முதலாளிகளும் படிக்கட்டும் என்றுதான் இதை மூடிய கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன். ஆனாலும் அந்தச் சர்வரின் சாவி இன்று உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நிர்வாகத்தில் வேறு எவரிடமும் இல்லாத அதிகாரம் அது. அதனால் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் சர்வரில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்பர் தைக்கும் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பிஎஃப் எண், இஎஸ்ஐ எண், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கின்றன. காலை கம்பெனி பஸ்ஸில் வந்து, கைரேகை வைத்து உள்ளே போகும் அந்தப் பெண்களுக்குத் தங்கள் விவரம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியாது. அது தெரிய வேண்டியவர் நீங்கள். நான் பார்த்த ஒரு ஷூ கம்பெனியில், பெயர் வேண்டாம், மாதாமாதம் பிஎஃப் தளத்தில் ஏற்றும் ஃபைல்களின் தொகுப்பு முழுவதும் டிசைன் பிரிவு, ஸ்டோர், கேட் செக்யூரிட்டி என எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறந்து பார்க்கும்படி கிடந்தது. எவரும் திருடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணின் போன் நம்பரும் முகவரியும் அவளுக்கு வேண்டாத ஒருவர் கண்ணில் பட்டாலே போதும், என்ன நடக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கடுமையாகப் பார்க்கிறது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. ஆனால் அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலை இல்லை இது. அந்தப் பெண்கள் உங்கள் தெருவில் இருப்பவர்கள்.

அடுத்து, வெளிநாட்டு பையர் அனுப்பிய டிசைன். அடுத்த சீசனுக்கு வரவிருக்கும் ஷூவின் பேட்டர்ன், லாஸ்ட்டின் அளவு, விலைப் பேச்சு எல்லாம் ஒரு சாம்பா ஷேரில் கிடக்கின்றன. அதே ஷேரை ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரரும் பென்டிரைவோடு வந்து திறக்கிறார். ஒரு டிசைன் வெளியே போனால் போவது அந்த ஒரு ஆர்டர் மட்டுமில்லை. ஆம்பூரில் கொடுத்தால் வெளியே போய்விடும் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், அதற்கான விலையைப் பக்கத்துக் கம்பெனியும் சேர்ந்தே கொடுக்க வேண்டிவரும்.

இனி, ‘பெர்மிஷன் டினைடு’ வந்தால் என்ன செய்வது? தயவுசெய்து முதலில் எரர் லாகைப் படியுங்கள். எந்த ஃபைல், எந்த யூசர் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். அந்த சர்வீஸ் எந்த யூசரின் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஃபைலை மட்டும் பார்க்காமல், அது வரை போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் பாருங்கள். ஃபைலுக்கு எல்லா அனுமதியும் இருக்கும், மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் நுழைவதற்கான அனுமதி இருக்காது. பாதி நேரம் சிக்கல் அங்கேதான். அதையும் தாண்டி வந்தால் எஸ்இலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் போன்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறதா என்று பாருங்கள். 777 கொடுத்தும் சரியாகவில்லை என்று எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டுப் போனவர்களை இந்த வட்டாரத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே தேவைப்பட்டது ஃபோல்டரின் லேபிளைத் திருத்தும் ஒரே ஒரு கட்டளை.

777 கொடுத்தால் ‘எப்படியும் ஓடிவிடும்’ என்ற நம்பிக்கையும் தவறு. எல்லோரும் எழுதக்கூடிய கான்ஃபிக் ஃபைலை மைஎஸ்க்யூஎல் மதிப்பதில்லை. ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு அந்த ஃபைலை ஒதுக்கிவிடும். நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய செட்டிங் ஒன்றுகூட அமலாகாது, டேட்டாபேஸ் ஏதோ இயல்புநிலையில் ஓடிக்கொண்டிருக்கும், ஏன் மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் ரேம் வாங்கச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் பிரைவேட் கீயை எஸ்எஸ்எச் ஏற்காது. சுடோவும் தன் கான்ஃபிக் ஃபைலை எவரும் எழுதலாம் என்ற நிலையில் கண்டால் வேலை செய்ய மறுத்துவிடும். இவற்றை எழுதியவர்கள் இந்த ஆபத்தை முன்பே யோசித்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் இஆர்பியை எழுதியவர் அப்படி யோசித்திருப்பார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள ஃபைலுக்கு 640 போதும்: சொந்தக்காரர் எழுதுவார், வெப் சர்வரின் குழு படிக்கும், மற்றவர் எவருக்கும் அங்கே வேலை இல்லை. சாதாரணப் பக்கங்களுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755. இதைவிட அதிகமாக ஒரு மென்பொருள் கேட்டால், ஏன் கேட்கிறது என்று அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல நேரம் 777 தேவையில்லாமல் போய்விடும்.

கான்ஃபிக் ஃபைலில் பிழை பார்ப்பதற்கு வருகிறேன். உங்களில் பலருக்குப் பழகிப்போன முறை, ஃபைலைத் திருத்தி, சேவ் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, வந்தால் சரி, வராவிட்டால் திரும்பத் திருத்துவது. உங்கள் பக்கத்துக் கட்டடத்தில் டிரம் ஓட்டும் மேஸ்திரி அப்படிச் செய்வாரா? பிக்கிள் முடிந்து குரோம் போடுவதற்கு முன் அவர் தோலின் தடித்த பகுதியில் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டிய முகத்தில் புரோமோக்ரெசால் கிரீன் சொட்டு விட்டு, உள்வரை மஞ்சளாகிறதா என்று பார்ப்பார். நடுவில் பச்சையோ நீலமோ தெரிந்தால் டிரம் இன்னும் சுற்றும், குரோம் போகாது. அவசரம் என்று எந்த மேனேஜர் வந்து நின்றாலும் அந்த வெட்டு இல்லாமல் குரோம் கொட்டமாட்டார், ஏனென்றால் கொட்டிவிட்ட குரோமைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்த ஒழுங்கு உங்களுக்கும் வேண்டும். என்ஜின்எக்ஸுக்குச் சோதனைக் கட்டளை இருக்கிறது. அப்பாச்சிக்குக் கான்ஃபிக்டெஸ்ட், சாம்பாவுக்கு டெஸ்ட்பார்ம், சுடோவுக்கு விசுடோ. எஸ்எஸ்எச் சர்வருக்கு ஒற்றை எழுத்து சேர்த்தால் போதும். சில நொடிகள்கூட ஆகாத வேலை. எந்த வரியில் தவறு என்று பெரும்பாலும் வரி எண்ணோடு சொல்லிவிடும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீலோட் செய்யவும் பழகுங்கள். என்ஜின்எக்ஸில் ரீலோட் செய்யும்போது புதிய கான்ஃபிக் தவறாக இருந்தால் அது பழையதை வைத்துக்கொண்டே தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட் செய்தால் முதலில் நின்றுவிடும், பிறகு எழுந்திருக்காது. எஸ்எஸ்எச் கான்ஃபிக்கைத் தொடும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு இணைப்பில் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை விடுங்கள். சென்னையில் இருக்கும் சர்வரைப் பூட்டிவிட்டுத் தாங்களே வெளியே நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு பிழை இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் கவலை தருவது. மார்ச் மாதத்தில் யாரோ ஒரு வரியைத் திருத்தி சேவ் செய்கிறார். ரீலோட் செய்யவில்லை, அல்லது ரீலோட் தோற்றதைக் கவனிக்கவில்லை. சர்வர் பழைய கான்ஃபிக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டில் ஒரு மழை இரவில் கரண்ட் போகிறது, யுபிஎஸ் பேட்டரி தீர்கிறது, சர்வர் அணைந்து மீண்டும் எழுகிறது. இப்போதுதான் அந்த மார்ச் மாதத் தவறு அமலுக்கு வருகிறது. வெப் சர்வர் எழ மறுக்கிறது. மார்ச்சில் திருத்தியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நீங்கள் கரண்ட் போனதால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். நம் ஊர் மின்சாரத்தை வைத்துக்கொண்டு, எதையும் திருத்தாத நாட்களிலும் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது அவசியம். வாரம் ஒருமுறை தானாக ஓடி, தவறு இருந்தால் உங்கள் போனுக்கு ஒரு மெயில் அனுப்பும்படி செய்துவைப்பது ஒரு பிற்பகல் வேலை.

ஆனால் சோதனை ‘ஓகே’ என்று சொல்வதை முழுமையாக நம்பிவிடாதீர்கள். இலக்கணம் சரியா என்பதைத்தான் அது பார்க்கிறது. நீங்கள் எழுதியது உண்மையா என்பது அதற்குத் தெரியாது. இந்த இடத்தில் சுத்திகரிப்பு நிலையங்களில் இருக்கும் தம்பிகளிடம் தனியாகப் பேச வேண்டும்.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டேனரிகள் உள்ளிட்ட அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரின் தன்மையைத் தொடர்ந்து அளந்து இணையவழி அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மாநில வாரியங்களுக்கு உத்தரவிட்டது. அந்தக் கருவிகளுக்கும் வாரியத்தின் சர்வருக்கும் நடுவே ஒரு டேட்டா லாகர் இருக்கிறது. அதற்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது. கருவி தரும் மின்னோட்டம் 4 மில்லி ஆம்பியர் என்றால் சுழியம், 20 என்றால் முழு அளவு. முழு அளவு எவ்வளவு என்பதை லாகரில் ஒருவர் எழுதிவைக்க வேண்டும். கருவி 500 வரை அளக்கும்படி வைக்கப்பட்டு, லாகரில் 250 என்று எழுதியிருந்தால், உண்மையில் 250 இருக்கும் நீருக்கு லாகர் 125 என்று எழுதும். இலக்கணப் பிழை இல்லை. எந்தச் சோதனைக் கட்டளையும் முணுமுணுக்காது. வரைபடம் அழகாக ஏறி இறங்கும். வாரியத்துக்கு நாள்தோறும் பாதிக் கணக்கு போய்க்கொண்டிருக்கும். தவறுதலாக நடந்ததா, வேண்டுமென்று செய்ததா என்பதைப் பின்னால் எவராலும் சொல்ல முடியாது. அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இருந்தால் சொல்லவே முடியாது.

இந்த வட்டாரத்தில் அந்த எண்ணுக்கு இருக்கும் எடையை நீங்கள் அறிய வேண்டும். உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பு, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் நம் ஊர் வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அத்தோடு முடிந்ததா? 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இதே வேலூர் விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இடையில் ஏறக்குறைய 30 ஆண்டுகள். இவ்வளவு காலமும் விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நடந்த சண்டையில் பெரும்பகுதி எண்களைப் பற்றியது. எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோமியம், எந்தக் கிணறு, எந்த ஆண்டு.

இப்போது அந்த எண் உங்கள் சர்வரில் பிறக்கிறது. உங்கள் நிலையம் உண்மையிலேயே ஒழுங்காக நடக்கிறது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு விவசாயி கேள்வி எழுப்புகிறார், நீங்கள் பதிவைக் காட்டுகிறீர்கள். அவருடைய வழக்கறிஞர் ஒன்றே ஒன்று கேட்பார்: இந்த ஃபைலை யார் யார் திருத்த முடியும்? எல்லோரும் என்பது பதிலானால், உங்கள் பக்கம் உண்மை இருந்தும் அதை நிரூபிக்க வழியில்லை. பொய்க் கணக்கு எழுத நினைப்பவருக்குத் திறந்த ஃபைல் வசதி. உண்மைக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதுவே பெரிய நஷ்டம். ஒழுங்காக நடத்தும் முதலாளிகள்தான் உங்களிடம் வந்து 777-ஐ எடுத்துவிடு என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். லாகரின் கான்ஃபிக்கை மாற்றும் அதிகாரம் பெயர் குறித்த ஓரிருவருக்கு மட்டும் இருக்கட்டும். மாற்றும்போதெல்லாம் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, தேதி, காரணம் பதிவாகட்டும். கருவியை அளவுத்திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் கருவியின் முகப்பில் தெரியும் எண்ணையும் லாகரில் தெரியும் எண்ணையும் அருகருகே எழுதிக் கையெழுத்திடுங்கள். கணினி தராத உறுதியை இங்கே ஒரு நோட்டுப் புத்தகம் தரும்.

பெரிய இடங்களில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2025 நவம்பர் 18 அன்று நம் நேரப்படி மாலை ஐந்து மணி வாக்கில் உலகெங்கும் பல தளங்கள் திறக்கவில்லை. எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும்கூட நின்றன. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் பிறகு வெளிப்படையாக எழுதிய காரணம் இதுதான்: தங்கள் டேட்டாபேஸ் ஒன்றில் அனுமதிகளை மாற்றினார்கள். அதனால் ஒரு கான்ஃபிக் ஃபைலைத் தயாரிக்கும் குவெரிக்கு ஒரே விவரம் இருமுறை வரத் தொடங்கியது. ஃபைல் இரட்டிப்பாகப் பருத்தது. அதைப் படிக்கும் மென்பொருளில் இருந்த வரம்பைத் தாண்டியது. மென்பொருள் விழுந்தது. முதலில் அவர்கள் யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்ஆப் ஆறு மணி நேரம் போல நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, வாட்ஸ்ஆப்பின் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்கின் மொத்த இணைப்பையும் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தது. அவ்வளவு ஆளும் பணமும் இருக்கும் இடத்திலேயே ஒரு அனுமதி மாற்றம், ஒரு கட்டளை இவ்வளவு செய்கிறது என்றால், தனியாளாக நிற்கும் நீங்கள் இன்னும் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

ஒரு ஃபோல்டர் திறந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2022 நவம்பர் 23-ஐச் சொல்லுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையவழித் தாக்குதலில் முடக்கப்பட்டன. புறநோயாளிப் பதிவு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை வாரக்கணக்கில் கையால் எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. உள்ளே வந்தவனை ஓர் அறையோடு நிறுத்தச் சுவர் இல்லை. உங்கள் டேலி ஃபோல்டருக்கு எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல் என்று கொடுத்திருந்தால், ஸ்டோரில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒருவர் திறந்த மெயில் ஒன்றே கம்பெனியின் பத்தாண்டுக் கணக்கையும் பூட்டிவிடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த யூசருக்கு நீங்கள் கொடுத்த அனுமதியே அதற்குப் போதும்.

உங்களுக்குள் பரவியிருக்கும் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கான்ஃபிக் ஃபைலைத் திருத்தும் முன் பிரதி எடுத்து வைக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதை வெப் ஃபோல்டருக்குள்ளேயே ‘ஓல்ட்’, ‘பேக்கப்’ என்று பின்னொட்டுச் சேர்த்து விட்டுவிடுகிறீர்கள். பிஎச்பி என்று முடியும் ஃபைலை வெப் சர்வர் இயக்கும், உள்ளடக்கத்தைக் காட்டாது. ‘ஓல்ட்’ என்று முடிந்தால் அது வெறும் எழுத்து. கேட்பவர் யாராக இருந்தாலும் பாஸ்வேர்ட் உட்பட அப்படியே கொடுத்துவிடும். இப்படிப்பட்ட பெயர்களை வரிசையாகக் கேட்டுப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் இரவும் பகலும் அலைகின்றன. ஆம்பூர் சின்ன ஊர், நம்மை யார் தேடப் போகிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. பிரதிகளை வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். கிட் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது, ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட் செய்துவந்தால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது பதிவாகும். ஆனால் அந்த கிட் ஃபோல்டரும் வெளியே தெரியக் கூடாது.

லாக் ஃபைல்களையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். எவரும் அழிக்கக்கூடிய லாகை 180 நாள் வைத்திருந்தும் பயன் இல்லை.

சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகளின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பத்துக் கம்பெனிகளுக்கு ஒரே அட்மின் பாஸ்வேர்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவும் குறிப்பிலேயே 777 என்று அச்சடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எதிர்த்துப் பேச உங்களுக்குத் தயக்கம். அவர்கள் சென்னைக்காரர்கள், கோட் எழுதியவர்கள், முதலாளிக்கு வேண்டியவர்கள். தயங்காதீர்கள். சர்வர் விழுந்தால் அவர்கள் ‘உங்க சைடு இஷ்யூ’ என்று சொல்லிவிடுவார்கள். முதலாளி முன் நிற்கப்போவது நீங்கள். அதனால் எனிடெஸ்க்கில் அவர்கள் உள்ளே வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்காருங்கள், என்ன மாற்றினார்கள் என்று எழுதுங்கள், போன பிறகு இணைப்பை மூடுங்கள்.

இப்போது நான் கேட்பது. அடுத்த சம்பளத் தேதிக்கு முன்பாக அரை நாள் ஒதுக்குங்கள். விடுமுறை நாளில் வந்து செய்யாதீர்கள். இது வேலை, வேலை நாளில் நேரம் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் எழுதக்கூடிய ஃபைல்கள் எவை என்று சர்வரிடமே கேளுங்கள், ஒற்றைக் கட்டளையில் பட்டியல் வந்துவிடும். விண்டோஸில் ஒவ்வொரு ஷேராகத் திறந்து பாருங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றி உற்பத்தியை நிறுத்திவிடாதீர்கள். சம்பளம், டிசைன், கழிவுநீர்ப் பதிவு என்று ஒவ்வொன்றாக, பழைய அனுமதியை எழுதி வைத்துக்கொண்டு, இறுக்கி, ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்ததுக்குப் போங்கள். எல்லா சர்வீஸ்களுக்கும் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். பிறகு ஒருமுறை, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, சர்வரை அணைத்து எழுப்பிப் பாருங்கள்.

கண்டுபிடித்ததை ஒரே தாளில் எழுதி முதலாளியின் மேசையில் வையுங்கள்: எந்த ஃபைல் எல்லோருக்கும் திறந்திருந்தது, எதை மாற்றினீர்கள், எதை மாற்ற அவருடைய ஒப்புதல் வேண்டும். அந்தத் தாளில் தேதியும் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும், ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். வாணியம்பாடியில் இருப்பவர் மேல்விஷாரத்தில் இருப்பவருக்குப் போன் செய்து, அவர் தாள் கொடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஒரு நாள் போய் அவரோடு உட்கார்ந்து செய்து கொடுங்கள்.